உயிரியல் பிடிக்கும் என்பதற்காகக் கணக்கை விட்டுவிடலாமா?

அம்மா, மகளுக்கு மரபணு, செல் என்றால் உயிர், கணக்கு என்றாலே ஓட்டம், அதனால் பிளஸ் ஒன்னில் ப்யூர் சயின்ஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லும் சிஸ்டம்ஸ் பயாலஜிக்கு, அதாவது மரபணுக்களும் புரதங்களும் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் துறைக்கு, அது போதாது, பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ், லாக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளையும் கலந்து கொடுத்தால் முதலில் குளுக்கோஸைத் தீர்க்கும், கொஞ்ச நேரம் வளராமல் நிற்கும், அப்புறம்தான் லாக்டோஸில் கை வைக்கும். லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்கள் அதனிடம் எப்போதும் உண்டு, ஆனால் அவற்றை ஒரு புரதம் மறித்து உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் வந்தால் அது விலகும். கூடவே குளுக்கோஸும் குறைந்திருந்தால்தான் வேலை முழு வேகம் பிடிக்கும். மறிக்கும் அந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ழாக்கோபும் மோனோவும் 1961இல் விளக்கினார்கள், 1965இல் நோபல் வந்தது. இதுவரை படம் போட்டே புரிந்துகொள்ளலாம்.

ஆனால் மூன்று மரபணுக்களை, முதலாவது இரண்டாவதைத் தடுக்க, இரண்டாவது மூன்றாவதைத் தடுக்க, மூன்றாவது திரும்ப முதலாவதையே தடுக்க என்று வட்டமாகக் கட்டினால்? எல்லாம் ஒரு நிலையில் நின்றுவிடுமா, மாறி மாறி ஏறி இறங்குமா? புரதம் எவ்வளவு வேகமாக உண்டாகிறது, எவ்வளவு வேகமாக அழிகிறது என்று வகைக்கெழுச் சமன்பாடு போட்டால்தான் தெரியும். எலோவிட்ஸ், லைப்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அந்த வட்டத்தை ஈ.கோலைக்குள் கட்டினார்கள், ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிய ஒளிரும் புரதம் ஒன்றையும் சேர்த்தார்கள், செல்கள் பச்சையாக ஒளிர்ந்து, மங்கி, மறுபடி ஒளிர்ந்தன. 2000இல் வெளியான ஆய்வு அது. எலோவிட்ஸ் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில்! மூன்றுக்கே இந்தப் பாடு, மனிதச் செல்லில் புரதம் தரும் மரபணுக்களே சுமார் 20,000.

நீட் பற்றிக் கவலை வேண்டாம், பயோ-மேத்ஸ் எடுத்தாலும் எழுதலாம். அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் கணக்கிலிருந்தும் கேள்வி வரும், அதை விட்டவர்களுக்கு அங்கேயே அடி. சென்னையிலேயே ஐஐடியிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது.

வேலை? வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஒளிக்காமல் சொல்கிறேன். எம்.எஸ்சி., பி.எச்டி. வரை போக வேண்டியிருக்கும், ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் கைவந்தால் மருந்து நிறுவனங்களின் தரவுப் பிரிவுகள் பக்கமும் போகலாம்.

கணக்கு அவளுக்கு வரவில்லையா, சொல்லிக்கொடுத்த விதம் பிடிக்கவில்லையா என்று முதலில் பேசிப் பாருங்கள். நிஜமாகவே வரவில்லை என்றால் ப்யூர் சயின்ஸ் எடுக்கட்டும், லேப் பக்கம் போகட்டும், பைப்பெட் பிடிக்கவும் ஆள் வேண்டும்.