இரண்டு கிதார்களுக்கு நடுவே பேஸ் எங்கே போகிறது?

கேள்வி: ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். இரண்டு கிதார்கள், டிரம்ஸ், ஒரு பாடகர். நான்கு தந்திகளையும் இறக்கி பி-இ-ஏ-டி என்று சுருதி வைத்திருக்கிறேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அறையே அதிர்கிறது. ஒலி அருமையாக இருக்கிறது. மேடையில் மற்றவர்கள் சேர்ந்ததும் காணாமல் போய்விடுகிறேன். "ஏதோ உறுமியது, ஆனால் நீ என்ன வாசித்தாய் என்று தெரியவில்லை" என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் 200 வாட் ஆம்ப் ஒன்றும் கேபினெட் ஒன்றும் இருக்கின்றன. 500 வாட் ஆம்ப் வாங்கட்டுமா, ஐந்து தந்தி பேஸ் வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். புதிய தந்திகள் ஒரு செட் வாங்குங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வாட் கணக்கு. 200 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைப்பது சுமார் 4 டெசிபல்தான். ஒலி இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன், அதாவது 2000 வாட் தேவைப்படும். மேலும் 500 வாட் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆம்ப்களில் பல, அந்தத் திறனை 4 ஓம் சுமையில்தான் தரும். உங்கள் கேபினெட் 8 ஓம் என்றால் அதில் ஏறத்தாழ பாதிதான் வந்து சேரும். பெரிய செலவு, சிறிய பலன்.

உண்மையில் உங்கள் சிக்கல் சத்தம் குறைவு என்பதல்ல. உங்கள் நண்பர்கள் அதைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். உறுமல் கேட்டிருக்கிறது, அதாவது கீழ் அதிர்வெண்கள் வெளியே போயிருக்கின்றன. எந்த ஸ்வரம் என்று பிரித்துச் சொல்லும் நடு அதிர்வெண்கள், அதாவது மிட், போகவில்லை. இதற்கான விதை பெரும்பாலும் வீட்டிலேயே விழுந்துவிடுகிறது. குறைந்த ஒலியளவில் நம் காதுக்குக் கீழ் ஒலிகள் மந்தமாகத்தான் கேட்கும். ஒலியளவு ஏற ஏற அவை மற்ற ஒலிகளுக்கு இணையாக எழுந்துவரும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வளைகோடுகளாகவே வரைந்து காட்டினார்கள். படுக்கையறையில் மெதுவாக வாசித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும்" என்று லோ குமிழை ஏற்றுவீர்கள். மிட் சற்று மூக்கொலியாகப் படுவதால் அதைக் குறைப்பீர்கள். அந்த அமைப்பை அப்படியே மேடைக்குக் கொண்டுபோய் ஒலியளவைக் கூட்டினால், ஏற்றிய லோ வெள்ளமாகப் பாயும்; குறைத்த மிட் இருந்த இடத்தில் இரண்டு கிதார்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். சாதாரணச் சுருதியில் பேஸின் கனமான தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் 'பி' 31 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. அந்த அடிச்சுருதியைப் பெரும்பாலான கேபினெட்டுகள் முழுமையாகத் தருவதே இல்லை. ராக் மேடைகளின் அடையாளமாகிவிட்ட, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டைக் கொண்ட ஆம்பெக் எஸ்விடி கேபினெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பலம் 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைகிறது. ஆனாலும் அதன் முன்னால் நிற்பவர்கள் ஆழம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில்லை. காரணம், மேற்சுரங்கள், அதாவது அடிச்சுருதியின் மடங்குகளாக அதனோடு சேர்ந்தே எழும் மேல் ஒலிகள், தெளிவாகக் கேட்டால், கேட்காத அடிச்சுருதியை மூளை தானே கணித்துக்கொள்கிறது. ஆகவே கனமான இசையில் பேஸ் "கனமாக" ஒலிப்பதே பாதிக்கு மேல் மேற்சுரங்களின் வேலை. 31 ஹெர்ட்ஸைத் துரத்துவதில் ஆம்பின் திறன் வீணாகிறது, ஸ்பீக்கர் கூம்பு தேவையில்லாமல் முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. ஆம்பிலோ பெடலிலோ ஹை-பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலிகளை வெட்டுவது) இருந்தால் 35 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துப் பாருங்கள். ஆழம் குறையாது, ஒலி இறுகும்.

இனி கிதார் கலைஞர்கள். அவர்களும் உங்களைப் போலவே 'பி' வரை இறக்கியிருந்தால், அவர்களுடைய கனமான தந்தி 62 ஹெர்ட்ஸில் இருக்கும். அது உங்கள் 'பி' தந்தியின் முதல் மேற்சுரம் விழும் அதே இடம். அதற்கு மேல் அவர்கள் உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும்போது பெரிய கேபினெட்டுகள் 100 ஹெர்ட்ஸை ஒட்டிக் குத்துவதுபோல் ஒலிக்கும். தனியாகக் கேட்க அது சுகமாக இருக்கும். குழுவில் அது உங்களையும் கிக் டிரம்மையும் ஒருசேர மூடிவிடும். அவர்கள் லோ குமிழைக் குறைத்து, டிஸ்டார்ஷனையும் சற்றுக் குறைத்து, மிட்டை ஏற்றினால் மூவருக்குமே இடம் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களில் கிதார்களின் கீழ்ப்பகுதியை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டுவது வழக்கமான வேலை. ஆனால் இதை நேரே போய் "உன் கிதாரில் லோவைக் குறை" என்று சொன்னால் நடக்காது. எந்தக் கிதார் கலைஞரும் தன் ஒலி மெலிவதை விரும்பமாட்டார். ஒத்திகையில் ஒரு பாடலை இரண்டு முறை பதிவு செய்யுங்கள்: ஒன்று இப்போதிருக்கும் அமைப்பில், மற்றொன்று அவர்களுடைய லோவைக் குறைத்து. எதுவும் சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் கிதார்களே பெரிதாக ஒலிப்பதை அவர்களே சொல்வார்கள், ஏனென்றால் அந்தக் கனத்தை இப்போது நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட ஆல்பத்தில் பேஸ் கிட்டத்தட்டக் கேட்காது என்பது இந்த இசையின் ரசிகர்களுக்குப் பழைய வழக்கு. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கிதார்களின் ஆழமான கீழ்ப்பகுதியும், கிதார்கள் வாசிப்பதையே பேஸ் அச்சாகப் பின்தொடர்வதும் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

உங்கள் இடத்தைத் தேடும் வழி இது. முழுக் குழுவும் வாசித்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே ஆம்பைத் திருத்துங்கள். தனியாக வாசித்துத் திருத்தினால் மறுபடியும் படுக்கையறை ஒலிக்கே திரும்புவீர்கள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வையுங்கள். மிட் அதிர்வெண்ணை மாற்றும் குமிழ் இருந்தால், மிட் அளவை முழுதாக ஏற்றிக்கொண்டு அதிர்வெண்ணை 300-இலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் நீங்கள் திடீரென்று கூட்டத்திலிருந்து முன்னே வருவீர்கள். அந்த அதிர்வெண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஏற்றிய அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். பல குழுக்களில் அந்த இடம் 600 முதல் 900 ஹெர்ட்ஸுக்குள் அமையும். உங்கள் கிதார்களைப் பொறுத்து மாறலாம். தந்தி ஃபிரெட்டில் அறையும் உலோக ஒலி வேண்டுமென்றால் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் சிறிது சேர்க்கலாம். 250 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் சேறு சேரும். சந்தேகம் வந்தால் அங்கே கொஞ்சம் குறையுங்கள். தனியாகக் கேட்டால் இந்த அமைப்பு வறண்டு, சற்று அசிங்கமாகவே ஒலிக்கும். இருக்கட்டும்.

சரிபார்க்க ஒரு மலிவான வழி: ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்து, அதன் சிறிய ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அதில் ஆழ்ந்த ஒலிகள் வராது. அப்படியிருந்தும் நீங்கள் வாசித்ததைப் பின்தொடர முடிகிறதென்றால் உங்கள் மிட் சரியாக அமைந்துவிட்டது.

மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி தன் ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்பில் சொருகி, லோவைக் குறைத்து மிட்டை ஏற்றி வாசித்தார் என்று சொல்லி அதையே பின்பற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவருடைய குழுவில் நெடுங்காலம் ஒரே கிதார்தான். இரண்டாவது கிதாரின் இடத்தையும் அவரே நிரப்பினார். உங்கள் குழுவில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

இப்போது தந்திகள். வழக்கமான நான்கு தந்தி செட்டில் கனமானது 0.105 அங்குலம். அது 'இ' சுருதிக்காகச் செய்யப்பட்டது. அதே தந்தியை 'பி' வரை இறக்கினால் அதன் இழுவிசை 56 சதவீதமாகச் சரிந்துவிடும். தொய்ந்த தந்தி ஃபிரெட்டுகளில் தாறுமாறாக அடிக்கும். ஓங்கி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகு இறங்கும். இரண்டு கிதார்கள் துல்லியமாக நிற்கும்போது உங்கள் சுருதி அலைந்தால், எந்த ஆம்பாலும் அதைத் தெளிவாக்க முடியாது. உங்கள் குழப்பத்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஐந்து தந்தி பேஸுக்கான செட் ஒன்றை வாங்கி, மெல்லிய 'ஜி' தந்தியை எடுத்து வைத்துவிட்டு மற்ற நான்கையும் போடுங்கள். அதில் 'பி' தந்தி பெரும்பாலும் 0.130 இருக்கும், 0.135 கிடைத்தால் இன்னும் நல்லது. கழுத்தின் தலைப்பகுதியில் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளங்களை அகலப்படுத்த வேண்டியிருக்கும். கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது) மூன்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அரம் பிடித்துப் பழக்கமில்லையென்றால் கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து தந்தி பேஸ் வாங்குவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் இழப்பது உயரத்தில் உள்ள ஒரு தந்தியை மட்டுமே. அது உங்கள் பாடல்களில் தேவைப்படாதவரை வாங்க அவசியமில்லை. புத்தம்புதிய எஃகுத் தந்தியின் கணீர் ஒலி மேடையில் பெரிய உதவி; பழைய தந்தியில் இல்லாததை ஈக்யூவால், அதாவது லோ, மிட் குமிழ்களால், வரவழைக்க முடியாது.

டிஸ்டார்ஷன் பெடல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கிதாருக்கான பெடலை நேரடியாகப் பயன்படுத்தினால் கீழ்ப்பகுதி கரைந்துவிடும். பேஸுக்கென்று செய்யப்பட்டவற்றில் 'பிளெண்ட்' என்ற குமிழ் இருக்கும். சுத்தமான ஒலியையும் சிதைந்த ஒலியையும் அது கலந்து தரும். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரும், பின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்களும் இந்த இசையில் அடிக்கடி தென்படுவதற்கு அது ஒரு காரணம். டிஸ்டார்ஷன் மேற்சுரங்களைப் பெருக்குகிறது. மேலே சொன்ன மூளைக் கணக்குக்கு அது தீனி போடுகிறது. நீங்கள் நினைப்பதில் பாதி அளவு டிஸ்டார்ஷன் போதும். கம்ப்ரெஸர் (ஓங்கிய ஒலிகளை அடக்கிச் சமமாக்கும் கருவி) இருந்தால் 4:1 விகிதத்தில் மிதமாக வையுங்கள்.

கைகளைப் பற்றியும் ஒரு சொல். வேகமான பகுதிகளுக்குப் பிக் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் கூர்மையாகும். வலது கையைப் பிரிட்ஜுக்கு அருகில் கொண்டுபோனால் ஒலி இறுகும். வாசிக்காத தந்திகளை அடக்கி வையுங்கள். ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதைப் போலவே எப்போது நிற்கிறது என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அதை டிரம்மரின் கிக்கோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

மேடையில் ஆம்பைத் தரையில் வைத்து அதற்கு ஓரடி முன்னால் நின்றால் முழங்காலுக்குத்தான் கச்சேரி. அதை உயர்த்தியோ சாய்த்தோ காதைப் பார்க்கும்படி வையுங்கள். மூலையில் தள்ளி வைக்காதீர்கள். இரு சுவர்களும் கீழ் ஒலிகளைக் கூட்டி மறுபடியும் சேறாக்கும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 8 மீட்டருக்கு மேல். எனவே அறையின் ஓரிடத்தில் இடியாகவும் சில அடி தள்ளி ஒன்றுமில்லாமலும் கேட்பது இயல்பு. நீங்கள் நிற்கும் இடத்தில் கேட்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காமல், சவுண்ட்செக்கின்போது கீழே இறங்கி நின்று கேளுங்கள்.

பெரிய மேடைகளில் கூட்டம் கேட்பது உங்கள் ஆம்பையே அல்ல. டிஐ (மைக் இல்லாமல் ஒலியை நேரடியாக ஒலிப்பொறியாளரின் மேசைக்கு அனுப்பும் இணைப்பு) வழியாகச் செல்லும் ஒலியைத்தான் மக்கள் கேட்கிறார்கள். ஒலிப்பொறியாளர் அந்த இணைப்பை உங்கள் பெடல்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டால், நீங்கள் பாடுபட்டு உருவாக்கிய ஒலி மேடையோடு நின்றுவிடும். பெடல் வரிசையின் கடைசியில் டிஐ வெளியீடுள்ள ப்ரீஆம்ப் பெடலை வைத்து, "இதிலிருந்து எடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் சுத்தமான ஒலியும் கூடவே வேண்டும் என்றால் மகிழ்ச்சியோடு கொடுங்கள்.

காதுகளுக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்க நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெட்டல் ஒத்திகை அறைகள் அதைச் சுலபமாகத் தாண்டும். நுரைச் செருகிகள் மேல் ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் பேஸ் இன்னும் மங்கலாகப்படும். இசைக்கலைஞர்களுக்கென்று சமமாகக் குறைக்கும் செருகிகள் கிடைக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டுவதைக் காட்டும் கிளிப் விளக்கு ஓயாமல் எரிந்தால், அப்போது பணத்தை எடுங்கள். அப்போதும் ஆம்புக்கு முன்னால் இரண்டாவது கேபினெட்டைப் பாருங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் அதே வகைக் கேபினெட் ஒன்றைச் சேர்த்தால் கீழ் ஒலிகளில் 6 டெசிபல் வரை கூடக் கிடைக்கலாம். வாட்டைக் கூட்டிப் பெறுவதைவிட அது அதிகம். வாங்கும் முன் ஆம்பின் பின்பக்கத்தில் குறைந்தபட்ச ஓம் என்ன என்று பாருங்கள். 8 ஓம் கேபினெட்டுகள் இரண்டு இணைந்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப் அதைத் தாங்க வேண்டும். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். கிதார் கேபிளின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கு ஆகாது.