குட்டி டாரன்டுலா சிலந்தி மூன்று வாரமாக இரையைத் தொடவில்லை, எப்படி ஊட்டுவது?

முதலில் பெட்டிக்குள் இரையாக விட்டு வைத்திருக்கும் செங்கெரிக்கை (சுவர்க்கோழியை) வெளியே எடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாச்சா? சரி. கர்லி ஹேர் என்ற இனத்துக் குட்டி, காலை விரித்தால் 50 சென் காசு அளவு, வாங்கி நான்கு மாதம் ஆகிறது, மூன்று வாரமாகத் தின்னவில்லை, ஒரு மூலையிலேயே அசையாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊட்டிவிட வழி கிடையாது, தேவையும் கிடையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சட்டை உரிக்கத் தயாராகிறது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். ஆறு வருடமாக இதே இனத்தை வளர்க்கிறேன். என் முதல் குட்டியை நானே கொன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து நாள் இரை எடுக்கவில்லை என்று பயந்து, பசித்தால் தானாகப் பிடிக்கும் என மூன்று செங்கெரிக்கை உள்ளே விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் குட்டி மல்லாந்து கிடக்கிறது, சட்டை பாதி கழன்றிருக்கிறது, வயிற்றில் ஓட்டை. ஒரு செங்கெரிக் அதன்மேல் உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. முராய் குருவிக்குத் தீனியாகக் கடையில் விற்கிற அதே சாது சுவர்க்கோழிதான். அதற்கும் பசிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சட்டை உரிப்பு என்றால் வெளித்தோல் மட்டும் கழல்வது என்று நினைத்துவிடாதீர்கள். விஷப்பல், உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல் எல்லாமே சேர்ந்து கழலும். பழைய பல்லுக்குள்ளேயே புதிய பல் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அது என்ன செய்யும்?

ஆகவே இரையை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள். பின்பக்கம் உப்பி, தோல் இழுத்துக்கட்டியது போல் மினுமினுத்தால் சட்டை உரிக்கப் போகிறது. இந்த இனத்துக்கு முதுகுப்பக்கம் உரோமம் உதிர்ந்த வழுக்கை இடம் ஒன்று இருக்கலாம். இளஞ்சிவப்பாக இருந்த அந்த இடம் கறுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். சில குட்டிகள் வளை வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தோண்டிப் பார்க்காதீர்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பதும் வேண்டாம். காலால் உதைத்து வயிற்று உரோமத்தைத் தூவிவிடும், கண்ணில் பட்டால் லேசில் தீராது.

என் இரண்டாவது குட்டி 41 நாள் பட்டினி கிடந்தது. நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன என் ஆயா (பாட்டி), பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்திலிருந்து கோழி வளர்த்தவர், ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். "அடைக்கோழி தீனிக்கு எழுந்திருக்குமாடா? சும்மா விடு" என்றார். அதுவரை நான் இணையத்தில் படித்த எதுவும் எனக்கு இந்த அளவுக்குத் தைரியம் கொடுக்கவில்லை.

ஆனால் வயிறு சுருங்கி, முன்உடலைவிடச் சிறியதாகத் தெரிந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் தண்ணீர்ப் பிரச்சினை. பாட்டில் மூடி ஒன்றில் தண்ணீர் வையுங்கள், பஞ்செல்லாம் போட வேண்டாம். பெட்டியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து, மறுபக்கத்தைக் காய்ந்தபடி விடுங்கள். நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் மடங்கினால் அதுதான் அபாயம். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, முழுதாக நீட்டுவதற்கு உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம் வேண்டும். அழுத்தம் போனால் கால் மடங்கிவிடும். மல்லாந்து கிடப்பது இதற்கு நேர் எதிர்: அது சட்டை உரிக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. தொடவும் கூடாது, தண்ணீர் தெளிக்கவும் கூடாது. குட்டிகளுக்கு அரை மணி நேரத்திலும் முடியலாம், சில மணி நேரமும் ஆகலாம்.

புதுப் பெட்டிக்கு மாற்றினீர்களா? அப்படியென்றால் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருக்கும், தானாகச் சரியாகும். இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருந்தாலும் பயந்து ஒதுங்கும். செங்கெரிக்கின் ஒரு தொடையை மட்டும் வெட்டி வைத்துப் பாருங்கள்.

நம்ம ஊருக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன, வெளிநாட்டுக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்கிறார்கள் என்று சூடேற்றும் பாய் வாங்காதீர்கள். அது குளிர் நாட்டுக்கு. இங்கே இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. பாயை வைத்தால் மண் காய்ந்து குட்டிதான் வற்றிப்போகும். அடுத்து எறும்பு. தின்னாத இரையை ஓர் இரவு விட்டாலே வரிசை கட்டி வந்துவிடும், சட்டை உரிக்கிற குட்டியை விட்டுவைக்காது. தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது ஆயா சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார். நானும் அதையே செய்கிறேன்: தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த குவளை, அதன்மேல் பெட்டி.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கொசு மருந்து. ஸ்ப்ரே, கொசுவத்திச் சுருள், டெங்கிக்கு அடிக்கிற புகை எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துதான் இருக்கும். கொசுவைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். எங்கள் தாமானில் புகையடிக்கிறார்கள் என்று தெரிந்தால் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். சித்தி வாசலிலேயே நிறுத்தி, "அது கார் ஷெட்டோட நிக்கட்டும்" என்பார். உங்கள் குட்டி நடுங்கிக்கொண்டு, போதை ஏறியவன் போல் தள்ளாடி நடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். மருந்தடித்த தோட்டத்துப் புல்லில் பிடித்த வெட்டுக்கிளியையும் கொடுக்காதீர்கள்.

சட்டை உரித்த மறுநாளே தீனி கொடுக்கத் துடிப்பீர்கள். பொறுங்கள். புதிய பல் வெள்ளையாக, மென்மையாக இருக்கும்; பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். இந்த அளவுக் குட்டிக்கு ஒரு வாரம் விடலாம். அதுவரை தண்ணீர் மட்டும் போதும்.

என்னுடையதற்கு எட்டாம் நாள் பல் கறுத்தது. தலையை நசுக்கிய சின்னச் செங்கெரிக் ஒன்றை மாலையில் வைத்தேன். தின்றதா என்று பார்க்க இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்தால், ஆயா எனக்கு முன்னமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.