மாமா கடை என்றால் சரியா?

கேள்வி: எங்கள் தெருக் கோயில் வாசலில் ஒரு பூக்கடை. கடைக்காரரின் அக்கா மகள், 12 வயது, இரவு ஒன்பதரைக்கும் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். வாழைநார் இழுத்து இழுத்து ஆட்காட்டி விரலில் தழும்பே ஏறிவிட்டது. கேட்டால், "மாமா கடைம்மா, சட்டமே ஒண்ணும் சொல்லாது" என்கிறார். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் நாமும்தானே சேர்ந்திருக்கிறோம்? அது ஏன் இந்தப் பெண் வரைக்கும் வரவில்லை? சட்டத்தை எப்படித்தான் எழுத வேண்டும்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அவர் சொல்வது பாதி சரி, அதுதான் வேதனை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு வந்த 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை மட்டும் கிடையாது. சித்தப்பா, அத்தை, சித்தி, தாய்மாமன் எல்லாரும் உண்டு. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. 2017இல் வந்த விதிகள்படி இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை அந்த உதவியும் கூடாது.

சரி, உடன்படிக்கைக்கு வருவோம். இந்தியா அதில் சேர்ந்தது 1992 டிசம்பரில். நம் நாட்டில் வெளிநாட்டு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவுடன் அது சட்டமாகிவிடாது, நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும், அரசியல் சாசனத்தின் 253வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நாம் துண்டு துண்டாகச் செய்தோம்: கல்விக்கு ஒன்று, பாலியல் குற்றத்துக்கு ஒன்று, குழந்தைத் தொழிலாளருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முக்கியம்தான், ஆனால் பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டத்தில் 18 வயது வரை குழந்தை, இலவசக் கல்வி 6 முதல் 14 வரை, வேலை விஷயத்திலும் 14 தாண்டினால் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம். அப்படியென்றால் இந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தின் சட்டப் பிடியும் விடும், வேலைக்கான தடையும் விடும், இரண்டும் ஒரே நேரத்தில்! என்னைக் கேட்டால் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்த ஓட்டையைத்தான். கல்வி உரிமையை 18 வரை நீட்டினாலே பாதிக் கதை மாறும்.

உடன்படிக்கையை மொத்தமாகவே உள்நாட்டுச் சட்டமாக்கிய நாடுகள் உண்டு. நார்வே 2003இலும் ஸ்வீடன் 2020இலும் செய்தன. எனக்கு அதிகம் பிடித்தது ஸ்காட்லாந்து. அங்கே 2021லேயே சட்டமன்றம் நிறைவேற்றியதை, அதிகார வரம்பு மீறியது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. விடவில்லை, திருத்தி எழுதி 2024 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் கவுன்சில் போன்ற பொது அமைப்பு குழந்தையின் உரிமைக்கு மாறாக நடந்தால், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் விஷயங்களில் குழந்தை நேராக நீதிமன்றம் போகலாம், குழந்தைகள் ஆணையரே வழக்குப் போடவும் முடியும்.

நம்மிடமும் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது, 2005 சட்டப்படி. விசாரிக்கலாம், ஆளைக் கூப்பிடலாம், உயர் நீதிமன்றத்தையும் நாடலாம், ஆனால் தானே உத்தரவு போட முடியாது, பரிந்துரைதான். பரிந்துரை வந்து சேர்வதற்குள் எத்தனை முழம் கட்டிவிடுவாள் அந்தப் பெண்! ஆணையத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் வேண்டும், இத்தனை நாளில் பதில் என்று கெடு வேண்டும். அப்புறம், குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 12வது பிரிவு சொல்கிறதே, அது சட்டம் எழுதும் மேசையிலிருந்தே தொடங்க வேண்டும். குடும்பத் தொழில் விலக்கை எழுதும்போது, காலையில் வகுப்பில் தூக்கம் வருகிறதா என்று இவளைப் போல நாலு பேரைக் கேட்டிருந்தால் அந்த வரி வேறு மாதிரி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஓய்வும் விளையாட்டும்கூட 31வது பிரிவில் உரிமையாகவே எழுதியிருக்கிறது.

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். மாமாவிடம் முதலில் 7 மணிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பலருக்கு அது தெரியாது. கேட்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யுங்கள், எந்தெந்த நாள் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். "மாமா கடைதானே" என்று அவர்களும் சொன்னால், அந்த நேரத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.