வாணவேடிக்கைக்கு ஒரு பாட்டு

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தீபாவளி மாலையில் கவிதையும் இசையுமாக ஒரு மணிநேரம் நடத்தப் போகிறோம். வாணவேடிக்கைதான் பொருள். இசை என்றதும் எல்லாரும் வாணவேடிக்கைக்கென்றே ஓர் இசை எழுதிய மேற்கத்திய இசையமைப்பாளர் ஹாண்டலைச் சொல்கிறார்கள். தமிழில் பழைய பாட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லை. சங்க இலக்கியத்தில் பட்டாசே கிடையாதா? எதை வாசிக்கலாம்?

விஜயா, அல்சூர், பெங்களூரு

அன்புள்ள விஜயா,

கிடையாது. வெடிமருந்து நம் பக்கம் வந்து சேர்ந்தது சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். இந்த வரலாற்றைத் தேடித் தொகுத்த பி.கே. கோடேயின் சிறுநூல் 1953இல் உங்கள் பெங்களூரிலேயே வெளியானது.

ஆனால் விளக்கு உண்டு. அகநானூறு 141ஆம் பாட்டை எடுங்கள், நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த வானம், கார்த்திகை மீனோடு முழுநிலா சேரும் நள்ளிரவு. 'மறுகு விளக்குறுத்து மாலை தூக்கி', அதாவது தெருவில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு, ஊரே கூடி விழா எடுக்கிறது. அதைச் சேர்ந்து கொண்டாட, பிரிந்துபோன தலைவன் வரவேண்டுமே என்று தோழியிடம் சொல்கிறாள் தலைவி. தெரு நிறைய வெளிச்சம், வரவேண்டிய ஆள் வரவில்லை. விழாவைப் பற்றிய நல்ல கலை எல்லாமே வெளிச்சத்தை விட்டுவிட்டு, அதன் அடியில் நிற்கிற மனுஷரைப் பார்க்கிறது என்பது என் எண்ணம்.

அதனால்தான் ஹாண்டல் எனக்குப் போதவில்லை. 1749 ஏப்ரல் 27, லண்டன் கிரீன் பார்க்கில் போர் முடிந்ததற்கான அரசாங்கக் கொண்டாட்டம்; அதற்கு எழுதியதுதான் அவர் இசை. பிடில் வேண்டாம், படை வாத்தியங்களே இருக்கட்டும் என்றார் மன்னர்; ஓபோ என்ற குழல் வாத்தியம் மட்டும் 24. கம்பீரமான இசை, சரி. வேடிக்கை பார்க்க வந்த ஜனம் அதில் இல்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியைப் போடுங்கள். 1913இல் வந்த, பிரெலூட் என்ற சிறு இசைத் துண்டுகளின் இரண்டாம் தொகுதியில் கடைசிப் பியானோத் துண்டு, தலைப்பே வாணவேடிக்கைதான். எடுத்த எடுப்பில் வெடி கிடையாது. மெல்லிய, வேகமான சுரங்கள் தொலைவில் பொறி பறக்கின்றன. பெரிய வெடிப்பெல்லாம் அடங்கியபின் கீழ்ச்சுரம் அதிர்ந்துகொண்டே இருக்க, மேலே பிரெஞ்சு தேசிய கீதத்தின் ஒரு துணுக்கு, ஒட்டாத வேறு சுருதியில். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14இன் கூட்டம் கலைகிறது, யாரோ முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார் என்றுதான் எனக்குக் கேட்கிறது. ஜப்பானியக் கவி ஷிகியின் ஹைக்கூ ஒன்றிலும் இதுவே: ஜனம் வீடு திரும்புகிறது, வாணத்துக்குப் பின் இருட்டு. இதை டெபுஸ்ஸி முடிந்த கையோடு வாசிக்கலாம்.

அப்புறம் நக்கீரர், கடைசியாக. முதலில் பொருள் சொல்லிவிட்டு மூலத்தை நிதானமாக இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். கார்த்திகைப் பாட்டாயிற்றே என்று யாராவது கேட்டால், தீபாவளி முடிந்ததும் வருவது அதுதானே என்று சொல்லுங்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். வெடிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வைத்த நேரம் இரவு 8 முதல் 10. பிள்ளைகளை அதில் காக்கவைக்க வேண்டாம்.