நாலு வயதுக் கோழியின் குஞ்சும் நெடுநாள் முட்டையிடுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் ஊர்க்கோழி ஒன்றுக்கு நாலு வயது. இன்னும் முட்டையிடுகிறது. கூடப் பொரித்தவை எல்லாம் ஓய்ந்துவிட்டன. இதன் முட்டையை மட்டும் அடைவைத்தால் குஞ்சுகளும் இப்படி இடுமா? 'தாயைப் போல பிள்ளை' என்கிறார் மாமி."

மாமி சொல்வது பாதி சரி. மீதி சேவலிடம் இருக்கிறது.

பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள்தான் நிறமூர்த்தங்கள். அவற்றில் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை பேட்டுக்கு இசட், டபிள்யூ என்று இரண்டு. சேவலுக்கு இரண்டுமே இசட். பேட்டுக் குஞ்சுக்கு இசட் தகப்பனிடமிருந்துதான் வரும். ஆக, உங்கள் கோழியின் இசட்டில் நல்ல குணம் ஏதும் இருந்தால் அது மகளுக்குப் போகாது. மகன் சேவலுக்குப் போய், அவன் வழியாகப் பேத்திக்குத்தான் வரும். மற்ற நிறமூர்த்தங்களில் பாதி மகளுக்கும் கிடைக்கும். அதனால் சேவல் குஞ்சுகளையெல்லாம் கறிக்கு விட்டுவிடாதீர்கள். திடமான ஒன்றை வளர்த்து, வேறு ஊரில் வாங்கிய பேடுகளோடு விடுங்கள். தாயோடும் சகோதரிகளோடும் சேர்ந்தால் பொரிப்பது குறையும். அந்தப் பேடுகள் முன்பு வேறு சேவலோடு நின்றிருந்தால் மூன்று வாரம் பொறுங்கள். பழைய சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும்.

இன்னொன்று. வயதான கோழியின் முட்டை பெரிது. குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால் குஞ்சும் கொழுகொழுவென்று இருக்கும். அது தாய் கட்டிக்கொடுத்த சோறு மாதிரி, சில வாரத்தில் தீர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பேடு தெரிவு செய்யாதீர்கள். மஞ்சள் கருவில் தாயிடமிருந்து வரும், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் அப்படித்தான், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காவல்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது: உடன்பிறந்தவை ஓய்ந்துவிட்டன. அதே தாய் தகப்பனின் பிள்ளைகள்தானே அவையும்? எத்தனை முட்டை என்பதில் பரம்பரையின் பங்கு சிறிது. தீனும் வெளிச்சமும் நோயும்தான் பெரிதாகப் பேசும். இந்தக் கோழி குசினி வாசலில் மிச்சச் சோறு தின்று வளர்ந்ததோ என்னவோ! தவிர, நெடுநாள் இடுவதும் நிறைய இடுவதும் ஒன்றல்ல. ஒரு கொப்பியில் கோழி வாரியாக முட்டைக் கணக்கை ஒரு வருஷம் எழுதுங்கள், சகோதரிகளின் மகள்களையும் சேர்த்து.

இப்போதைக்கு அடைவைக்க நடுத்தர அளவு முட்டைகளாக எடுங்கள். கிழட்டுக் கோழியின் முட்டை ஓடு மெலிந்து வரும், பொரிப்பதும் குறையும். வாவிக்கரைச் சிப்பி ஓட்டை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய அளவு அதுவே கொத்தித் தின்னும். எடுத்த முட்டையை ஒரு வாரத்துக்குள் அடைவைத்துவிடுங்கள்.