நடைபாதையிலிருந்து நிலா: கேள்வியும் பதிலும்

வந்த கேள்விகளுள், தொலைநோக்கி இல்லாமலே நம் அடுக்குமாடி நடைபாதையில் நின்று சரிபார்க்கக்கூடியவற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன்.

ஈசூன் வாசகி: ஐயா, பாடநூல் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் படகைப்போல் மல்லாந்து கிடக்கிறதே, ஏன்?

பதில்: அந்தப் படங்களை வரைந்தவர்கள் வடக்கே வெகுதொலைவில் வாழ்பவர்கள். நிலவின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 1.3 பாகை வடக்கே மட்டுமே இருப்பதால், இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக அடிவானில் இறங்குகிறது. ஆகவே மாலைப் பிறைக்கு நேர் கீழே சூரியன் அமைய, பிறையின் அடிப்பகுதி ஒளிபெறுகிறது. மாதத்துக்கு மாதம் படகு சற்று இடமோ வலமோ சாயும்.

இதைவிட வேடிக்கையானது முழுநிலவு. மாலையில் கிழக்கே எழும்போது கரும்புள்ளிகளில் வடை சுடும் பாட்டியைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்; விடியுமுன் மேற்கே பார்த்தால் பாட்டி ஏறக்குறையத் தலைகீழாக இருப்பார். நிலா நம் உச்சிக்கு அருகில் கடந்து செல்வதால் நாம்தான் மறுபுறம் திரும்பி நின்று பார்க்கிறோம். (பாட்டி என்பது பண்டைக்காலத்தில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு.)

பிடோக் வாசகி: தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன், ஒரே முகத்தைக் காட்டுவதால் நிலா சுழல்வதே இல்லை என்கிறான்.

பதில்: அவனைப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள வட்டக் கல்மேசையைப் பார்த்தபடியே அதை ஒருமுறை சுற்றிவரச் சொல்லுங்கள். மேசைக்கு அவன் முதுகைக் காட்டியிருக்கமாட்டான். ஆனால் மின்தூக்கி, விளையாட்டு மைதானம், கார் நிறுத்துமிடம் என எல்லாத் திசைகளையும் அவன் முகம் நோக்கியிருக்கும். அதாவது ஒரு சுற்றில் தானும் ஒருமுறை சுழன்றுவிட்டான். நிலாவுக்கு இவ்விரண்டுக்கும் 27.3 நாள் ஆகிறது. மறுபக்கத்தை 1959ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் லூனா 3 படம்பிடித்த பிறகே மனிதர் கண்டனர். அதை இருண்ட பக்கம் என்பது பிழை. நமக்கு அமாவாசையாக இருக்கும்போது அங்கே பட்டப்பகல்.

உட்லண்ட்ஸ் வாசகர்: தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருவது தற்செயலா?

பதில்: இல்லை. தை மாதத்தில் சூரியன் மகர ராசியில் இருக்கிறது. முழுநிலவு சூரியனுக்கு எதிரே நிற்க வேண்டும்; மகரத்துக்கு எதிரே உள்ள கடகத்தில்தான் பூச நட்சத்திரம் இருக்கிறது.

ஜூரோங் வாசகர்: புளோக்குகளுக்கிடையே எழும் நிலா பெரிதாகத் தெரிகிறதே?

பதில்: மனமயக்கம். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள். உச்சியிலும் அதே நகம் போதும்.

பாசிர் ரிஸ் வாசகர்: நிலவின் தூரத்தை எப்படி இவ்வளவு துல்லியமாக அளக்கிறார்கள்?

பதில்: 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானை நோக்கி லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்; ஏறத்தாழ இரண்டரை நொடி. சராசரித் தூரம் 384,400 கிலோமீட்டர். நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதும் இவ்வாறுதான் தெரியவந்தது.