பாங்காக்கில் வீகனாகச் சாப்பிட என்ன வழி?

கேள்வி இதுதான்: ஒரு குடும்பத்தார் ஐந்து நாள் பாங்காக் போகிறார்கள்; பால், நெய், முட்டை, தேன் எதுவும் தொடாத வீகன்கள்; பெரிய ஹோட்டல்களில் மட்டும் அடைந்து கிடக்காமல் தெருக்கடைகளிலும் சாப்பிட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் 'வெஜிடேரியன்', 'வீகன்' என்ற இரண்டு சொற்களையும் நம்பித் தெருக்கடைக்குப் போகாதீர்கள். அங்கே வேலைக்கு ஆகும் சொல் 'ஜே'. ஐந்து நாளும் நிம்மதியாகச் சாப்பிடுவீர்களா, வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வீர்களா என்பது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

தாய்லாந்து பௌத்த நாடு, அதனால் சைவம் எளிதில் கிடைக்கும் என்று பலர் நினைத்துப் போகிறார்கள். அங்குள்ள தேரவாதப் பௌத்தத்தில் துறவிகளும் பிச்சையில் விழுவதைச் சாப்பிடுவார்கள், இறைச்சி உட்பட. ஜே என்பது சீன வம்சாவளியினர் கொண்டுவந்த மகாயான வழக்கம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. அதோடு வெங்காயம், பூண்டு போன்ற வாடை மிகுந்த காய்களும் கிடையாது. வீகனுக்கு வேண்டியதைவிடக் கட்டுப்பாடு கூடுதல், அதனால் உங்களுக்குப் பாதுகாப்பும் கூடுதல். தேனை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'மங்சவிரத்' என்று இன்னொரு சொல்லும் காதில் விழும். அது நம் ஊர் 'வெஜ்' மாதிரி. முட்டையும் பாலும் இருக்கலாம். அந்தப் பலகை உள்ள கடையில் ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஜே கடையை எப்படி அடையாளம் காண்பது? மஞ்சள் கொடி அல்லது பலகை, அதில் சிவப்பு எழுத்து. அந்த எழுத்து நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட '17' என்ற எண்ணைப் போலத் தெரியும். நகரமெங்கும் வேறு மஞ்சள் கொடிகளும் பறக்கும், அவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்புச் சக்கரம் இருந்தால் பௌத்தக் கொடி. அரச முத்திரை இருந்தால் மன்னருக்கு உரியது. சிவப்பில் '17' தெரிந்தால் மட்டும் உள்ளே போங்கள். கிளம்பும் முன்பே இந்த எழுத்தின் படத்தை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள். குழந்தைகள் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாதாரண ஜே கடையில் தட்டுத் தட்டாகக் குழம்பு, பொரியல், வறுவல் எல்லாம் சமைத்து வைத்திருப்பார்கள். சோற்றின் மேல் இரண்டோ மூன்றோ வகையைக் கை காட்டினால் போட்டுத் தருவார்கள். மொழியே தேவையில்லை. ஒரு தட்டு பெரும்பாலும் 40 முதல் 60 பாத்துக்குள் (பாத் என்பது தாய்லாந்து நாணயம்) முடிந்துவிடும். தட்டில் மீன் துண்டு, பன்றித் தோல், இறால் போலத் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். கோதுமைப் புரதம், சோயா, காளான், கொன்யாக் கிழங்கு ஆகியவற்றில் செய்தவை அவை. கோதுமை ஒவ்வாதவர் உங்களோடு வந்தால் மட்டும் இந்தப் போலி இறைச்சிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள்; பெரும்பாலானவற்றில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம்தான் அடிப்படை.

நேரம்தான் இங்கே பெரிய சிக்கல். இந்தக் கடைகள் காலையிலேயே சமைத்து முடித்துவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் பாத்திரத்தின் அடியில் இருப்பதுதான் கிடைக்கும். இரண்டு மூன்று மணிக்குப் பல கடைகள் மூடிவிடும். கோயில், அரண்மனை எல்லாம் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு ஜே கடை தேடினால் ஏமாற்றம்தான். பதினொன்றரைக்குள் ஜே கடையில் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். இரவுக்கு வீகன் உணவகம் அல்லது மால்களில் உள்ள ஃபுட் கோர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசோக் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 மாலின் ஐந்தாம் மாடியில் உள்ள பியர் 21 ஃபுட் கோர்ட், மலிவுக்குப் பேர் போனது. முதலில் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும், மீதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எந்த ஃபுட் கோர்ட்டிலும் முதலில் ஒரு முழுச் சுற்று நடந்து அந்த மஞ்சள் பலகை உண்டா என்று பாருங்கள், பிறகு அட்டை வாங்குங்கள். உணவகங்களுக்கு ஹேப்பிகவ் செயலி போதும். அதில் பச்சை என்றால் முழு வீகன், ஊதா என்றால் சைவம், சிவப்பு என்றால் அசைவக் கடையில் சில வீகன் வகைகள். கடைசியாக எப்போது விமர்சனம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பாங்காக்கில் சின்னக் கடைகள் இடம் மாறுவதும் மூடுவதும் சாதாரணம்.

இனி ஜே பலகை இல்லாத கடை. இங்கே 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. 'நூவா' என்றால் பேச்சு வழக்கில் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். நூவா வேண்டாம் என்றால் கோழி வரும், அவர்கள் மேல் தப்பும் இல்லை. அதனால் முதலில் 'கின் ஜே' என்று சொல்லுங்கள்: ஜே சாப்பிடுகிறேன். ஆண்கள் கடைசியில் 'கப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்துக்கொண்டால் மரியாதை. பிறகு 'மை ஸை', அதாவது 'போடாதீர்கள்' என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். நம் ப்லா என்றால் மீன் சாஸ். நம் மன் ஹோய், சிப்பி சாஸ். கப்பி என்பது கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்த விழுது. குங் ஹேங், உலர்த்திய இறால், நம் சென்னாக்குன்னி மாதிரி. கை என்பது முட்டை, நோம் என்பது பால். உச்சரிப்பில் ஏற்ற இறக்கம் தவறினால் பொருள் மாறும் மொழி அது. அதனால் இதையெல்லாம் தாய் எழுத்தில் ஒரு அட்டையில் அடித்துக் காட்டுவதுதான் உறுதி. அட்டையில் வேண்டாததை மட்டும் எழுதாதீர்கள். சோயா சாஸ், தோஃபு, காளான், காய்கறி போட்டுச் செய்து கொடுங்கள் என்று வேண்டியதையும் எழுதுங்கள். வேண்டாம் என்ற பட்டியலை மட்டும் பார்க்கும் சமையல்காரர் 'முடியாது' என்று கை அசைத்துவிடுவார்; என்ன போடலாம் என்று தெரிந்தால் வாணலியை எடுப்பார்.

அப்படிக் கேட்டாலும் எல்லாவற்றையும் மாற்றித் தர அவர்களால் முடியாது. ஏன் முடியாது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்று உங்களுக்கே புலப்படும். அந்த நிமிடத்தில் வாணலியில் வதக்கித் தருவதை மாற்றலாம். முன்பே அரைத்தது, கரைத்தது, கொதிக்க வைத்தது எதையும் மாற்ற முடியாது. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு இரண்டின் விழுதிலேயே கப்பி அரைபட்டிருக்கும். தேங்காய்ப்பால் குழம்பு, காய்கறிதானே என்று நினைத்து வாங்கினால் இறால் உள்ளே இருக்கும். நூடுல் சூப் கடையின் பெரிய அண்டாவில் கொதிப்பது எலும்புச் சாறு. மேலே தோஃபு போட்டுத் தந்தாலும் அது அசைவம்தான். தோம் யம் என்ற புளிப்புக் காரச் சூப்பில் சேர்க்கும் வறுத்த மிளகாய் விழுதில் உலர்ந்த இறாலும் மீன் சாஸும் உண்டு, கெட்டியாக வெளிறித் தெரியும் வகையில் பாலும் சேரும். பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸுக்குப் புளி, பனைவெல்லம், மீன் சாஸ் மூன்றையும் காலையிலேயே கலந்து பாட்டிலில் வைத்திருப்பார்கள். 'மீன் சாஸ் வேண்டாம்' என்றால் மேலே ஊற்றும் மீன் சாஸைத்தான் விடுவார்கள், பாட்டிலில் இருப்பது அப்படியே வரும். பாட் தாயை ஜே கடையில் அல்லது வீகன் உணவகத்தில் சாப்பிடுங்கள்.

கேட்டு வாங்க ஏற்றவை: வள்ளல் கீரை வதக்கல், காய்கறி வதக்கல், அகல அரிசி நூடுல்ஸ் வதக்கல், முட்டையில்லாத காய்கறிச் சோறு. இவற்றில் சிப்பி சாஸும் மீன் சாஸும் அந்த நிமிடம்தான் விழும். அதற்குப் பதில் சோயா சாஸ் விடச் சொன்னால் வேலை முடிந்தது. கடைசியில் ஒரு கரண்டி சாறு ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு, தண்ணீர் விடச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் இருக்கும் சுவையூட்டும் பொடியிலும் பன்றி அல்லது கோழிச் சாறு இருக்கும், அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள். நூடுல்ஸில் மஞ்சளாக இருக்கும் 'ப மீ' வேண்டாம், அதில் முட்டை உண்டு. வெள்ளை அரிசி நூடுல்ஸும் பாசிப்பயறு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸும் சரி. தோஃபுவிலும் ஒரு பொறி இருக்கிறது: நீள பிளாஸ்டிக் குழாயில் வந்து வட்டமாக நறுக்கிப் போடும் மென்மையான இளமஞ்சள் தோஃபு, முட்டை கலந்தது. வெள்ளைச் சதுரத் தோஃபுதான் உங்களுக்கு.

பப்பாளிக்காய் சாலட்டான சோம் தம், கண்ணெதிரே உரலில் இடிப்பதால் கேட்டு வாங்கலாம் என்று தோன்றும். உண்மைதான், உலர்ந்த இறாலும் மீன் சாஸும் இல்லாமல் இடித்துத் தருவார்கள். ஆனால் அதே உரலில் இதற்கு முன் ஊறிய மீனோ நண்டோ இடிபட்டிருக்கும், நடுவில் கழுவ மாட்டார்கள். வாணலிக்கும் இதே நிலைமைதான். கலப்பே ஆகாது என்பவர் ஜே கடையோடு நின்றுகொள்வது நல்லது. பொருட்களில் இல்லாவிட்டால் போதும் என்பவருக்குத் தெருவே திறந்து கிடக்கிறது. இதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பசியோடு தெருவில் நின்று பேசினால் சண்டைதான் வரும்.

தின்பண்டத்தில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் கவலையில்லாமல் சாப்பிடலாம்: தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழம் உச்சத்தில் இருக்கும். மூங்கில் குழலில் வெந்த ஒட்டரிசி, குழிப்பணியாரத்தை நினைவூட்டும் தேங்காய்ப்பால் 'கனோம் க்ரோக்', இஞ்சிப் பாகில் மிதக்கும் மெத்தென்ற தோஃபு ஆகியவையும் நல்லவை. மடித்த மொறுமொறு அப்பத்தில் தங்க நூல் போலக் கிடப்பது முட்டை மஞ்சள் கரு, வேண்டாம். தேங்காய் ஐஸ்கிரீமில் சில வண்டிக்காரர்கள் பால்பொடி கலப்பார்கள், 'ஸை நோம் மை?' என்று கேளுங்கள், பால் போட்டதா என்று அர்த்தம். புளிப்பு மாங்காய்க்குத் தரும் பழுப்பு நிறப் பாகில் மீன் சாஸும் இறாலும் இருக்கும், பக்கத்தில் உள்ள மிளகாய் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத் தாய் டீ, கண்டென்ஸ்டு மில்க் இல்லாமல் வராது. 'சா தம் யென்' என்றால் பாலில்லாத ஐஸ் டீ, 'ஓலியாங்' என்றால் கறுப்பு ஐஸ் காபி.

காலையில் தெருவில் சூடாக விற்கும் சோயாப்பால் அருமையானது. கடையில் பெட்டியில் வருவதில் சிலவற்றுக்குப் பால்பொடி சேர்க்கிறார்கள், அதனால் ஜே குறி இருப்பதையே எடுங்கள். செவன் இலெவன் கடைகளில் பல பொருட்களில் அந்த '17' அச்சாகியிருக்கும். குறி இல்லாததற்குப் பின்பக்கத்தில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள். பாலோ முட்டையோ இருந்தால் அங்கே தெரியும். ரொட்டி, பன் வகைகளில் பெரும்பாலும் பால்பொடியோ வெண்ணெயோ உண்டு.

இந்திய உணவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் கால் தானாக அங்கே போகும். சீலோம் மாரியம்மன் கோயில் பக்கமும் பஹுரத் பக்கமும் சைவ உணவகங்கள் உண்டு. சைவருக்கு அவை சொர்க்கம். வீகனுக்கு ஜே கடையைவிட அங்கேதான் கவனம் கூடுதலாக வேண்டும்: நானில் தயிர், பருப்பில் நெய்த் தாளிப்பு, குருமாவில் கிரீம். எண்ணெய் விட்ட தோசை, சாம்பார், தந்தூரி ரொட்டி என்று கேளுங்கள், தோசையில் நெய் தடவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

விமானத்தில் 'ஆசிய சைவம்' என்று பதிந்தால் பன்னீரும் தயிரும் வரும். வீகன் உணவின் குறியீடு வி.ஜி.எம்.எல். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே பதிந்து, திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியை மாற்ற வசதி இருந்தால், சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒன்பது நாள் நடக்கும் ஜே திருவிழாவுக்குப் போங்கள். 2024-இல் அக்டோபர் 3-இலும் 2025-இல் அக்டோபர் 21-இலும் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும். அந்த நாட்களில் சைனாடவுன் பகுதியின் யாவரத் சாலை முழுக்க மஞ்சள் கொடியாகிவிடும். வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் போதும், இரவிலும் ஜே கிடைக்கும். நேர்மாறாக, சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் இந்தக் கடைக்காரர்களில் பலர் சில நாள் கடையை அடைத்துவிடுவார்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் போவதாக இருந்தால் அந்தத் தேதியைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கும் ஃபுட் கோர்ட்டையும் வீகன் உணவகத்தையும் கணக்கில் வைத்து அறை எடுங்கள்.